அல்சைமர் வந்த அம்மா ஹோம் நர்ஸை அடிக்கிறார், பெங்களூரில் நல்ல நர்ஸ் எங்கே கிடைப்பார்?

நான்கு மாதத்தில் மூன்று ஹோம் நர்ஸ்கள் வந்து போய்விட்டார்கள். நான்காவதாக வந்த அசாம் பெண்ணையும் அம்மா நேற்று சொம்பால் அடித்துவிட்டார். ஒன்பது நாளாகக் குளிக்கவில்லை. பொழுது சாய்ந்தால் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு "வீட்டுக்குப் போகணும்" என்கிறார். அல்சைமருக்கென்று முறையாகப் படித்த நர்ஸ் பெங்களூரில் எங்கே கிடைப்பார், கிடைக்காவிட்டால் தூக்க மாத்திரை கொடுக்கலாமா, ஊருக்கே திருப்பி அழைத்துப் போய்விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அம்மாவுக்கு வயது 74, சொந்த ஊர் குடியாத்தம் பக்கம், அப்பா இறந்த பிறகு இங்கே கூட்டி வந்தோம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஆள் எங்கே கிடைக்கும் என்பதற்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. தன்னைத் தொட வருகிற எல்லோரையும் அம்மா ஏன் அடிக்கிறார்? அது தெரியாமல் ஐந்தாவது நர்ஸை வைத்தால் அவரும் ஒரு மாதத்தில் பெட்டியைக் கட்டிவிடுவார்.

நான் கோலார் தங்கவயலில் பிறந்தவள். ஜிஎன்எம் என்ற நர்சிங் டிப்ளமா படித்துவிட்டு 23 வருடமாக பெங்களூரில்தான் வேலை. முதல் ஒன்பது வருடம் ஆஸ்பத்திரி வார்டு, அதற்கப்புறம் முதியோர் இல்லங்களிலும் வீடுகளிலும். நான் டாக்டர் இல்லை, மருந்து எழுதுவதும் நிறுத்துவதும் என் வேலை இல்லை. உங்கள் அம்மாவைப் பார்த்ததும் இல்லை. ஆகவே கீழே சொல்வதில் உறுதியானது எது, என் அனுபவத்தை வைத்து ஊகிப்பது எது என்று பிரித்தே சொல்கிறேன்.

முதலில் நான் செய்த தப்பு ஒன்று. ஒரு முதியோர் இல்லத்தில் நான் இன்சார்ஜ் சிஸ்டராக இருந்த சமயம். எண்பதைத் தாண்டிய பெரியவர் ஒருவர், சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு காலத்தில் தமிழ், கன்னடம், தெலுங்கு, மேஸ்திரியிடம் பேசும் அளவுக்கு இங்கிலீஷ் என்று நான்கு மொழி பேசியவர். எங்களிடம் வரும்போது தமிழ் மட்டும்தான் மிச்சம் இருந்தது. அவரைப் பார்த்துக்கொண்டது ஒடிசாவிலிருந்து வந்த பெண், நல்ல பொறுமைசாலி. அவர் தினமும் நோட்டில் எழுதினார்: சாப்பாடு வேண்டாம் என்கிறார், 'நோ நோ' என்கிறார், கையை ஓங்குகிறார். நானும் தினமும் படித்துக் கையெழுத்துப் போட்டேன். டாக்டரிடம் போனில் சொன்னோம், முரட்டுத்தனத்தை அடக்கத் தருகிற குவெட்டியாபின் மாத்திரையின் அளவைக் கூட்டினார். பெரியவர் பகலெல்லாம் தூங்கினார், இன்னும் குறைவாகச் சாப்பிட்டார். ஒன்பதாவது நாள் அந்தப் பெண் லீவு. நானே கஞ்சி ஊட்டப் போனேன். தாடையைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னது 'நோ' இல்லை, 'நோவுது'. கீழ்ப் பல்செட்டைக் கழற்றிப் பார்த்தால் ஈறில் எட்டணா அகலத்துக்குப் புண். செட்டை எடுத்துவிட்டு, புண்ணுக்கு மருந்து போட்டு, ஒரு வாரம் ஆறின கஞ்சியாகக் கொடுத்தோம். அடிப்பது நின்றுவிட்டது. மறதி அப்படியேதான் இருந்தது. ஆனால் அடித்தது மறதியால் இல்லையே.

வட ஆற்காட்டிலும் தங்கவயலிலும் வலிக்குது என்று சொல்ல மாட்டோம், நோவுது என்போம். உங்கள் அம்மா குடியாத்தம் என்றதும் எனக்கு இதுதான் முதலில் நினைவுக்கு வந்தது.

அல்சைமர் உள்ளவர் திடீரென்று அடிக்கிறார், கத்துகிறார், தொட விட மாட்டேன் என்கிறார் என்றால், பின்னால் ஒரு காரணம் இருக்கிறதா என்று முதலில் தேட வேண்டும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வலி, மலச்சிக்கல், யூரின் இன்ஃபெக்‌ஷன், பசி, தாகம், குளிர், பயம், இவைதான் அடிக்கடி மாட்டுகிற காரணங்கள். வலிக்கிறதா என்று கேட்டால் அவரால் சரியாகப் பதில் சொல்ல முடியாமல் போகலாம், அதனால் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். 2003-இல் வெளியான பெயின்ஆட் என்ற அளவுகோல் இதற்காகவே உண்டு. மூச்சு விடும் விதம், முனகல், முகச் சுளிப்பு, உடம்பின் இறுக்கம், ஆறுதல் சொன்னால் அடங்குகிறாரா இல்லையா என்ற ஐந்தையும் பார்த்து மதிப்பெண் போடுவது. அம்மா சும்மா உட்கார்ந்திருக்கும்போது பார்க்காதீர்கள், எழுந்திருக்கும்போதும் திரும்பிப் படுக்கும்போதும் பாருங்கள். முழங்கால் வலி உட்கார்ந்திருந்தால் தெரியாது. டார்ச் அடித்து வாய்க்குள் பாருங்கள். கடைசியாக எப்போது வெளிக்குப் போனார் என்று ஒரு காலண்டரில் குறித்து வையுங்கள். மூன்று நாள் தாண்டினால் அதுவே காரணமாக இருக்கலாம்.

இன்னொன்றும் உறுதி. அல்சைமர் மாதக் கணக்கில், வருடக் கணக்கில்தான் மோசமாகும். ஒன்றிரண்டு நாளில் ஆளே மாறிப்போனால், பகலில் அரைத்தூக்கமாகவும் ராத்திரியில் படபடப்பாகவும் இருந்தால், இல்லாத ஆளோடு பேசினால், அது நோய் முற்றியது என்று விட்டுவிடாதீர்கள். அதை டெலிரியம் என்பார்கள். இன்ஃபெக்‌ஷன், உடம்பில் நீர் வற்றுவது, சோடியம் குறைவது, புதிதாகச் சேர்த்த மாத்திரை என்று ஏதாவது ஒன்று பின்னால் இருக்கும். வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமலும் இன்ஃபெக்‌ஷன் வரும். அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும். அம்மாவுக்கு பி12, தைராய்டு பரிசோதனை செய்தார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அவற்றின் குறைபாடும் மறதியைக் கூட்டும், அதைச் சரிசெய்ய முடியும்.

மாத்திரைக்கு வருகிறேன். டோனெபெசில், மெமண்டைன் மாதிரியான மருந்துகள் சிலருக்கு அறிகுறிகள் மோசமாகாமல் கொஞ்ச காலம் தாக்குப் பிடிக்க உதவும், நோயை நிறுத்தாது. டோனெபெசிலால் வயிற்றுப்போக்கு, பசியின்மை, நாடித் துடிப்பு குறைந்து மயக்கம், ராத்திரியில் கெட்ட கனவு எல்லாம் வரலாம். கனவுத் தொந்தரவு இருந்தால் மாத்திரையைக் காலைக்கு மாற்றலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். சில பேருக்கு அதனால் சிறுநீர் அடக்க முடியாமல் போகும். அதை வேறு ஒரு டாக்டரிடம் சொன்னால் ஆக்ஸிபியூட்டினின் எழுதிக் கொடுப்பார். அது மூளையில் டோனெபெசிலுக்கு நேர் எதிராக வேலை செய்யும் மருந்து. ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கிய கதைதான். அரிப்புக்கும் சளிக்கும் நாமே மெடிக்கல் ஷாப்பில் வாங்கிக் கொடுக்கிற அவில் மாதிரி மாத்திரைகளும் குழப்பத்தைக் கூட்டும். ஆகவே அம்மா சாப்பிடுகிற எல்லா மாத்திரைகளையும் ஒரே பையில் போட்டு ஒரே டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

தூக்க மாத்திரையை நீங்களாகக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அல்பிரசோலம், குளோனசிபம் வகை மருந்துகள் குழப்பத்தைக் கூட்டும், ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்தால் விழ வைக்கும். 74 வயதில் இடுப்பு எலும்பு முறிந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அடிப்பதை அடக்கவென்று தரும் ரிஸ்பெரிடோன், குவெட்டியாபின், ஓலன்சபின் போன்றவற்றுக்கு அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2005-இல் கடுமையான எச்சரிக்கை போட்டது. மறதி நோய் உள்ள முதியவர்களிடம் நடந்த 17 ஆய்வுகளை எடுத்துப் பார்த்ததில், சுமார் பத்து வாரத்தில் மருந்து எடுத்தவர்களில் 4.5 சதவீதம் பேரும் வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 2.6 சதவீதம் பேரும் இறந்திருந்தார்கள். அப்படியானால் கொடுக்கவே கூடாதா? அப்படியும் சொல்ல மாட்டேன். யாருக்காவது காயம் படும் அளவுக்கு முரட்டுத்தனம் இருந்து, வேறு எந்த வழிக்கும் அடங்காதபோது, சின்ன அளவில், சில வாரங்களில் மறுபடி பார்த்து நிறுத்துவோம் என்ற திட்டத்தோடு கொடுப்பதை நானே பார்த்திருக்கிறேன், பலனும் இருந்தது. எழுதிக் கொடுத்தால், எப்போது நிறுத்துவோம் என்று அங்கேயே கேட்டுவிட்டு வாருங்கள்.

அப்புறம் குளியல். இதில்தான் பெரும்பாலான ஹோம் நர்ஸ்கள் தோற்கிறார்கள், இதில்தான் அதிகம் சரிசெய்யவும் முடியும். அம்மாவின் பக்கத்திலிருந்து பாருங்கள். முகம் தெரியாத ஒரு பெண், புரியாத பாஷையில் பேசிக்கொண்டு, சின்ன டைல்ஸ் அறைக்குள் இழுத்துப் போய்ப் புடவையை உருவுகிறாள், மேலே எங்கிருந்தோ தண்ணீர் கொட்டுகிறது. நானாக இருந்தாலும் சொம்பைத்தான் எடுப்பேன். ஷவரை விட்டுவிடுங்கள், வாளியும் சொம்பும் போதும். பெங்களூர் குளிரில் காலை ஏழு மணிக்கு எதற்குக் குளியல், வெயில் ஏறிய பிறகு பதினொரு மணிக்கு வையுங்கள். ஜன்னலைச் சாத்தி, பாத்ரூமில் ஒரு வாளி வெந்நீரை முதலில் கொட்டினால் அறை சூடாகும். பின்பக்கம் சாய்மானம் உள்ள பிளாஸ்டிக் நாற்காலி போடுங்கள். தரையில் கறுப்பு மிதியடி கிடந்தால் எடுத்துவிடுங்கள், அவர் கண்ணுக்கு அது குழியாகத் தெரியலாம். கண்ணாடியை ஒரு துண்டால் மூடிப் பாருங்கள், அதில் தெரியும் கிழவி யாரென்று தெரியாமல் கூச்சப்படுகிறவர்கள் உண்டு. உள்பாவாடையை மார்பு வரை ஏற்றிக் கட்டி, அந்தக் காலத்தில் கிணற்றடியில் குளித்த மாதிரியே குளிக்க விடுங்கள். முழுக்க அவிழ்க்க அவசியமே இல்லை. தண்ணீரைப் பாதத்திலிருந்து தொடங்குங்கள், தலை கடைசி. ஒரு சொம்பை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். கை வேலையாக இருந்தால் அடி குறையும்.

'குளிக்க வாங்க' என்ற வார்த்தையே சில பேருக்குச் சண்டைக்கு அழைப்பு. வெள்ளிக்கிழமை காலையில் நல்லெண்ணெயை லேசாகச் சூடாக்கி எடுத்துப் போய் உட்காருங்கள். உச்சந்தலையில் எண்ணெய் வைத்துத் தேய்த்துக் கொஞ்ச நேரம் போகட்டும். எண்ணெய் தேய்த்த தலையோடு நம் வீட்டுப் பெண்கள் சும்மா இருந்ததில்லை, சீயக்காய் வாசனை வந்தால் உடம்பே எழுந்து போகும். எல்லோரிடமும் பலித்தது என்று சொல்ல மாட்டேன், ஆனால் நிறைய வீடுகளில் பலித்தது. எண்ணெய்க் கால் வழுக்கும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். எதற்கும் மசியவில்லை என்றால், கட்டிலிலேயே போர்வைக்குள் வெதுவெதுப்பான ஈரத்துண்டால் பகுதி பகுதியாகத் துடைத்துவிடுங்கள். முறையாகச் செய்த துண்டுக் குளியலில் முரட்டுத்தனம் நன்றாகக் குறைகிறது என்று 2004-இல் வெளியான அமெரிக்க நர்சிங் ஹோம் ஆய்வு காட்டியிருக்கிறது. தினமும் தலையோடு குளித்தே ஆக வேண்டும் என்று மருத்துவத்தில் விதி எதுவும் இல்லை. முகம், அக்குள், மார்புக்குக் கீழே, தொடை இடுக்கு, இவை சுத்தமாகவும் ஈரமில்லாமலும் இருந்தால் போதும்.

மொழி விஷயத்தை உங்கள் கேள்வியில் ஒரு வரியில் தாண்டிப் போயிருக்கிறீர்கள். 'அம்மாவுக்குக் கன்னடமும் கொஞ்சம் ஹிந்தியும் தெரியும், இப்போது பேசுவதில்லை' என்று. பிற்பாடு கற்ற மொழிகள் முதலில் கழன்று போய் தாய்மொழி கடைசி வரை நிற்பதைத்தான் நான் பெரும்பாலும் பார்த்திருக்கிறேன். இரண்டு மொழி தெரிந்தவர்களுக்கு மறதி நோய் தாமதமாக வருகிறது என்று ஹைதராபாத்தில் டாக்டர் சுவர்ணா அல்லாடி குழுவினர் 648 நோயாளிகளை வைத்து 2013-இல் எழுதினார்கள். சராசரியாக நாலரை வருடத் தாமதம், எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம்கூட. மற்ற எல்லா ஆய்வுகளிலும் இதே முடிவு வரவில்லை, அதனால் அதை முடிந்த விஷயமாக எடுக்க வேண்டாம். நமக்கு வேண்டியது அதைவிடச் சின்ன விஷயம். அம்மா சொல்வது அந்தப் பெண்ணுக்குப் புரிகிறதா? தமிழ் தெரிந்த ஆள் கிடைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். கிடைக்காவிட்டால் அம்மா நிஜமாகச் சொல்லும் சொற்கள் ஒரு இருபதை, அந்தப் பெண் படிக்கிற எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். நோவுது, பசிக்குது, தாகம், குளுருது, போதும், ஒண்ணுக்கு, வெளிக்கு. கடைசிச் சொல்லில் கவனம். வேறொரு வீட்டில், அரைகுறைத் தமிழ் கற்ற ஒரு பெண், அங்கே இருந்த பாட்டி 'வெளிக்குப் போகணும்' என்றபோதெல்லாம் பால்கனிக் கதவைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தார். பாட்டிக்கு டயபர் போட வேண்டிய கட்டம் வந்துவிட்டது என்று வீட்டில் முடிவும் எடுத்துவிட்டார்கள். அப்புறம், 'ஆன்ட்டி' என்று கூப்பிட்டால் அம்மாவுக்கு யாரையோ கூப்பிடுகிற மாதிரி இருக்கும். சின்ன வயதில் வீட்டில் கூப்பிட்ட பேர் இருந்தால் அதைச் சொல்லிக் கொடுங்கள்.

சாயங்கால வீட்டு ஏக்கத்துக்கு வருகிறேன். இருட்டுகிற நேரத்தில் குழப்பம் கூடுவது இந்த நோயில் சகஜம், ஏன் என்பதற்கு ஆளுக்கொரு விளக்கம் சொல்கிறார்கள். 'இதுதானே உன் வீடு' என்று வாதாடாதீர்கள், ஜெயிக்க முடியாது. நாலரைக்கே எல்லா விளக்கையும் போட்டு, ஐந்துக்கு முன்னால் காப்பியும் ஏதாவது தின்னவும் கொடுத்து, கைக்கு வேலை கொடுங்கள். டிசம்பர், ஜனவரியில் அவரேக்காய் மலிந்து கிடக்கும், நம் ஊர் மொச்சைதானே. அரைக் கிலோ வாங்கிப் பிதுக்கப் போட்டால் ஒரு மணி நேரம் ஓடும். மற்ற மாதங்களில் கீரை ஆயலாம், பூ தொடுக்கலாம். பூ கோணல் மாணலாக வந்தால் வந்துவிட்டுப் போகட்டும். அப்பாவைக் கேட்டால் 'அவர்தான் செத்துட்டாரே' என்று ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டாம், அவருக்கு அது ஒவ்வொரு தடவையும் புதுச் சாவு. 'அவர் உனக்கு என்ன வாங்கிட்டு வருவார்?' என்று கேளுங்கள், பேச்சு அந்தப் பக்கம் போகும். கேட் வாட்ச்மேனிடம் அம்மாவின் போட்டோவையும் உங்கள் நம்பரையும் இன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.

ஊருக்குத் திருப்பி அழைத்துப் போவது பற்றி உறுதியாக எதுவும் சொல்ல முடியாது. எனக்குத் தெரிந்து இரண்டு குடும்பங்கள் அப்படிப் போயின. ஒருவர் தெருவும் குரல்களும் பழகியவை என்பதால் நன்றாக அடங்கினார். இன்னொருவர் சொந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டே வீட்டுக்குப் போகணும் என்றார். அவர் கேட்டது கல்யாணத்துக்கு முந்தைய வீடு, அது இடிந்து முப்பது வருடம் ஆகியிருந்தது. முடிவு எடுக்கும் முன் பத்து நாள் அழைத்துப் போய்ப் பாருங்கள், அங்கே பகலும் ராத்திரியும் யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதைக் கணக்குப் போட்டுவிட்டு.

இனி ஆள். ஏஜென்சிகள் 'ஹோம் நர்ஸ்' என்று அனுப்புகிற பெரும்பாலானவர்கள் நர்ஸ் இல்லை, அட்டெண்டர்கள். ஜிஎன்எம் அல்லது பிஎஸ்சி நர்சிங் படித்தவருக்கு நர்சிங் கவுன்சில் பதிவு எண் இருக்கும், கேட்டால் காட்டுவார். ஆனால் உங்கள் அம்மா இப்போது இருக்கும் நிலையில் தினமும் பதிவு பெற்ற நர்ஸ் தேவையில்லை என்பது என் எண்ணம். சாப்பாட்டு டியூப், சிறுநீர் கதீட்டர், படுக்கைப் புண் எதுவும் இல்லாதவருக்குத் தேவை அவர் பேசுவது புரிகிற, அவசரப்படாத ஒரு பெண். அல்சூர், மர்பி டவுன், ஸ்ரீராம்புரம், விவேக் நகர் பக்கமெல்லாம் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. கோயில், சர்ச், வீட்டு வேலை செய்கிறவர்கள் மூலமாக விசாரியுங்கள், ஏஜென்சியை விட இப்படித்தான் எனக்கு நல்ல ஆட்கள் கிடைத்திருக்கிறார்கள். அடையாள அட்டையைப் பார்த்து, போலீஸ் சரிபார்ப்பும் செய்துகொள்ளுங்கள். மாதம் இரண்டு தடவை ஒரு பதிவு பெற்ற நர்ஸ் வந்து தோல், வாய், எடை, மாத்திரை எல்லாம் பார்த்து அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக் கொடுத்தால் போதும். வாரத்தில் ஒரு நாள் லீவு கட்டாயம் கொடுங்கள், அடி வாங்கிக்கொண்டு ஏழு நாளும் யாராலும் இருக்க முடியாது. ஒசூர் ரோட்டில் இருக்கிற மனநல, நரம்பியல் ஆஸ்பத்திரியான நிம்ஹான்ஸில் மறதி நோய்க்குத் தனிப் பிரிவு இருக்கிறது. கஸ்தூரி நகரில் நைட்டிங்கேல்ஸ் மெடிக்கல் டிரஸ்ட் மறதி நோய்க்கென்றே மையம் நடத்துகிறது. அல்சைமர் சங்கமான ஏஆர்டிஎஸ்ஐக்கும் இங்கே கிளை உண்டு.

இல்லத்தில் சேர்க்கிற நாள் வந்தால் அதில் குற்ற உணர்வு வேண்டாம், ஆனால் பார்த்துச் சேருங்கள். சொல்லாமல் சாயங்காலம் ஆறு மணிக்குப் போங்கள். ராத்திரி எத்தனை பேர் டியூட்டி, தமிழ் பேச யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். அங்கே இருக்கிறவர்களின் மணிக்கட்டைப் பாருங்கள். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ராத்திரியில் துப்பட்டாவால் கையைக் கட்டிலோடு கட்டுவார்கள், காலையில் தழும்பு தெரியாமல் இருக்க முழுக்கை நைட்டி. இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை, வேலையை விட்டுவிட்டேன்.

அம்மா சாப்பிடுகிற மாத்திரைகளின் பெயர்கள், போன ஆறு மாதத்தில் எடை எவ்வளவு குறைந்தது, பல்செட் உண்டா, கடைசியாக எப்போது வெளிக்குப் போனார், அடிப்பது எந்த நேரத்தில், எங்கே தொடும்போது, இந்த ஐந்தையும் பதிலில் எழுதுங்கள். அந்த அசாம் பெண்ணிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள், அடிப்பதற்கு முன்னால் அம்மா என்ன சொல்கிறார் என்று. அர்த்தம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, காதில் விழுந்தபடியே சொல்லச் சொல்லுங்கள்.